இராஜினாமாக் கடிதத்தில் எழுதப்படாத காரணம்: பணியிடப் பாலியல் தொந்தரவும் மனித வளப் பிரிவின் பொறுப்பும்

2025 மார்ச் மாதம் அநுராதபுரம் போதனா வைத்தியசாலையில் கடமை முடித்துத் தனது விடுதிக்குத் திரும்பிய பெண் வைத்தியர் ஒருவர் கத்திமுனையில் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டார். நாடு அதிர்ந்தது. வைத்தியர்கள் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கினார்கள். பாராளுமன்றத்திலும் பேசப்பட்டது. விடுதிகளுக்கு வெளிச்சம் போதாது, பாதுகாப்பு ஊழியர்கள் போதாது, கமெரா இல்லை என்று சில வாரங்கள் விவாதித்தோம். பிறகு வழமைபோல் வேறு செய்திகள் வந்து இந்தச் செய்தியை மூடிவிட்டன.

அந்தக் கோரிக்கைகள் நியாயமானவை. ஆனால் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அன்றாடம் வரும் ஆபத்து பெரும்பாலும் இருட்டில் கத்தியோடு நிற்கும் அந்நியனிடமிருந்து வருவதில்லை. அவளுடைய விடுமுறைப் படிவத்தில் கையெழுத்திடுபவரிடமிருந்து வருகிறது. மேலதிக நேரக் கொடுப்பனவைச் சிபாரிசு செய்பவரிடமிருந்து, இரவு பத்து மணிக்கு "தூங்கிட்டீங்களா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்பவரிடமிருந்து வருகிறது. இந்த ஆபத்துக்கு மின்விளக்கு மருந்தல்ல. அதைக் கையாளவேண்டிய இடம் நிறுவனத்தின் மனித வளப் பிரிவு. அந்தப் பிரிவு நம் நாட்டில் இதற்குத் தயாராக இருக்கிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதை நான் வெளியே நின்று கேட்கவில்லை. கொழும்பில் ஒரு வர்த்தக நிறுவனத்தில் பல வருடங்கள் மனித வளப் பிரிவைப் பார்த்தவன் என்ற வகையில், முதலில் என்னிடமே கேட்டுக்கொண்ட கேள்வி இது.

ஒருநாள் காலை, கணக்குப் பிரிவில் வேலை செய்த கிழக்கு மாகாணத்துச் சகோதரி ஒருவர் இராஜினாமாக் கடிதத்தை என் மேசையில் வைத்தார். காரணம் என்று "குடும்பச் சூழ்நிலை" என எழுதியிருந்தார். "கல்யாணமா தங்கச்சி?" என்று கேட்டேன். தலையைக் குனிந்தபடி "ஓம் சேர்" என்றார். சேவைச் சான்றிதழ் கொடுத்து, வாழ்த்தி அனுப்பினேன். சில மாதங்களில் அதே பிரிவிலிருந்து இன்னொருவர் போனார். அவருக்கும் குடும்பச் சூழ்நிலைதான். மூன்றாமவரும் போனபோது, அலுவலகத்தில் தேநீர் ஊற்றும் வயதான பெண்மணி என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "சேர், இனி அந்தப் பகுதிக்கு ஆம்பிளப் புள்ளைகளையே எடுங்க."

அவர் சொன்னது புரிய எனக்கு அரை நிமிடம் போனது. தேநீர் ஊற்றுபவருக்குத் தெரிந்திருந்த விஷயம், சம்பளப் பட்டியல் முதல் நன்னடத்தைக் கோவை வரை கையில் வைத்திருந்த எனக்குத் தெரியாமல் இருந்தது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை என்பதே உண்மை.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் இதற்குச் சட்டமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கியுள்ளது. தொடுவது மட்டுமல்ல, சொல்லாலோ செயலாலோ பாலியல் ரீதியாகத் தொல்லை கொடுப்பதும் குற்றம். அதிகாரத்தில் உள்ள ஒருவர் வேலைத்தளத்தில் அல்லது வேறெங்கும் விரும்பத்தகாத பாலியல் முனைவுகளில் ஈடுபடுவதை அந்தப் பிரிவின் விளக்கம் வெளிப்படையாகவே உள்ளடக்குகிறது. 5 வருடங்கள் வரை சிறைத்தண்டனை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு வழங்கும்படியும் நீதிமன்றம் உத்தரவிடலாம். பாதிக்கப்பட்டவர் பெண்ணாகத்தான் இருக்கவேண்டும் என்றும் இந்தப் பிரிவு சொல்லவில்லை. சிறு வயதில் கடைக்கு வேலைக்கு வரும் பையன்களும் இதன் பாதுகாப்பில் அடங்குவர்.

அரச துறையில் இன்னும் இரண்டு வழிகள் உள்ளன. பாலியல் தொந்தரவு அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரை உறுதிசெய்யும் சமத்துவ உரிமையை மீறுவதாக, கல்வித் துறையில் பணியாற்றிய பெண் ஒருவர் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவில் 2016ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் இலஞ்சத்தையும் குற்றமாக ஏற்றுக்கொண்டது. இடமாற்றத்துக்கோ கையெழுத்துக்கோ பதிலாக "வேறொன்றை" எதிர்பார்க்கும் அரச அதிகாரி இனி இலஞ்சக் குற்றத்துக்கும் பதில் சொல்லவேண்டும்.

தனியார் துறையில்தான் பெரிய இடைவெளி இருக்கிறது. அடிப்படை உரிமை மனு நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராக மட்டுமே தாக்கல் செய்யக்கூடியது. எனவே தனியார் கம்பனியில் வேலை செய்யும் பெண்ணுக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. முதலாளி ஒருவர் உள்ளக முறைப்பாட்டுக் குழு அமைத்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் தனிச் சட்டமும் இங்கு இல்லை. இலங்கை முதலாளிமார் சம்மேளனம், சர்வதேச தொழில் அமைப்பின் ஒத்துழைப்போடு 2013இல் ஒரு நடத்தைக் கோவையை வெளியிட்டது. நல்ல ஆவணம்தான். ஆனால் அது விரும்பியவர் பின்பற்றலாம் என்ற வகையைச் சேர்ந்தது.

அயல் நாடுகளைப் பாருங்கள். இந்தியாவில் 1997ஆம் ஆண்டின் விசாகா தீர்ப்பைத் தொடர்ந்து 2013இல் தனிச்சட்டம் வந்தது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகக் குழு வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்கவேண்டும், உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்கவேண்டும், வெளியாள் ஒருவர் இருக்கவேண்டும், 90 நாட்களுக்குள் விசாரணை முடியவேண்டும். பாகிஸ்தான் 2010இலேயே சட்டம் இயற்றி, ஒரு பெண்ணாவது அடங்கிய மூவர் விசாரணைக் குழுவைக் கட்டாயமாக்கியது. மாலைதீவில் 2014இல் சட்டம் வந்தது. நம் சகோதரர்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்யும் சவூதி அரேபியா 2018இல் தொந்தரவுக்கு எதிரான சட்டத்தைக் கொண்டுவந்து, தடுப்பு ஏற்பாடுகளைச் செய்யும் பொறுப்பை அரச, தனியார் நிறுவனங்கள் இரண்டின் மீதும் சுமத்தியது. "இதெல்லாம் மேற்கத்தேயச் சரக்கு" என்று சொல்பவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்ப்பது நல்லது.

இரண்டு எஜமானர்களுக்கு நடுவே

சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் எல்லாப் பாரமும் மனித வள முகாமையாளரின் தலையில் விழுகிறது. அவருக்கு ஒரு சிக்கல் உண்டு. அவருக்குச் சம்பளம் கொடுப்பது நிறுவனம். முறைப்பாட்டுக்கு ஆளாகுபவர் பல வேளைகளில் நிறுவனத்துக்குப் பணம் சம்பாதித்துத் தரும் விற்பனை முகாமையாளர், அல்லது முதலாளியின் மச்சான். முறைப்பாடு செய்பவரோ ஆறு மாதத்துக்கு முன் சேர்ந்த எழுதுவினைஞர். இந்தத் தராசில் எந்தத் தட்டு தாழும் என்பது ஊழியர்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அவர்கள் மனித வளப் பிரிவுக்கு வருவதில்லை. "எங்களுக்கு ஒரு முறைப்பாடும் வந்ததில்லை" என்று பெருமைப்படும் நிறுவனத்தில் தொந்தரவே இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்த நிறுவனத்தின் மீது யாருக்கும் நம்பிக்கை இல்லை என்பதாகவும் அது இருக்கலாம்.

ஆகவே முதல் வேலை, இந்தப் பொறுப்பை ஒரு தனிமனிதரின் கையிலிருந்து எடுப்பது. மூன்று அல்லது ஐந்து பேர் கொண்ட குழு வேண்டும். பெண்கள் பெரும்பான்மையாக இருப்பது நல்லது. நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாத ஒருவர், சட்டத்தரணியோ ஓய்வுபெற்ற அதிபரோ, கட்டாயம் இருக்கவேண்டும். பணிப்பாளரின் உறவினர் மீது முறைப்பாடு வந்தாலும் அந்த வெளியாளுக்குப் பயம் இராது. முறைப்பாட்டைப் பெறுவது, விசாரிப்பது, தண்டனையைத் தீர்மானிப்பது ஆகிய மூன்றையும் ஒரே ஆள் செய்யக்கூடாது.

இரண்டாவது, மொழி. கொழும்பில் பல நிறுவனங்களின் ஒழுக்கக் கோவை ஆங்கிலத்தில் இருக்கிறது. வேலைக்குச் சேரும் நாளில் பதினைந்து தாள்களோடு அதையும் நீட்டிக் கையெழுத்து வாங்கிவிடுவோம். கல்முனையிலிருந்தோ புத்தளத்திலிருந்தோ வந்த பெண்ணுக்கு அதில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. பின்னர் ஒரு சம்பவம் நடந்தால், வெட்கத்தோடும் பயத்தோடும் அவள் தாய்மொழியில் சொல்வதை வேறொருவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுகிறார். தான் சொன்னதுதான் எழுதப்பட்டிருக்கிறதா என்று தெரியாமலே கையெழுத்திடுகிறாள். "தொட்டார்" என்பதற்கும் "பிடித்தார்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் விசாரணையில் ஒருவருடைய வேலையைத் தீர்மானிக்கும். கொள்கை மூன்று மொழிகளிலும் இருக்கவேண்டும். வாக்குமூலம் சொல்பவரின் மொழியில் எழுதப்பட்டு, வாசித்துக் காட்டப்பட்டு, பிரதி ஒன்று அவர் கையில் கொடுக்கப்படவேண்டும்.

மூன்றாவது, இடமாற்றம். முறைப்பாடு வந்ததும் நாம் வழமையாகச் செய்வது பெண்ணை வேறு கிளைக்கு மாற்றுவதுதான். "உங்கட நன்மைக்குத்தான்" என்று சொல்வோம். உண்மையில் முறைப்பாடு செய்ததற்கு அது தண்டனை. புதிய கிளைக்கு அவள் போக முன்பே கதை போய்ச் சேர்ந்துவிடும். விசாரணை முடியும்வரை யாரையாவது விலக்கி வைப்பதென்றால், முறைப்பாட்டுக்கு ஆளானவரைச் சம்பளத்தோடு விலக்கி வைப்பதே முறை. அது அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளிப்பதாகாது.

வாப்பாவுக்கு அழைப்பெடுக்கும் தவறு

நான்காவது விடயத்தைப் பொதுவான கைநூல்களில் காணமாட்டீர்கள். நம் சமூகத்தை அறிந்தவர்களுக்கே தெரியும். ஒரு முஸ்லிம் பெண் முறைப்பாடு செய்தால், நல்ல மனதோடு சில முகாமையாளர்கள் முதலில் செய்வது அவளுடைய வாப்பாவுக்கோ நானாவுக்கோ தொலைபேசி எடுப்பதுதான். "பொறுப்பானவருக்குச் சொல்லவேண்டாமா?" என்று கேட்பார்கள். அடுத்த நாள் அந்தப் பெண் வேலைக்கு வரமாட்டாள். அவளுடைய முறைப்பாடும் அத்தோடு முடிந்துவிடும்.

நம் பெண்கள் வாய் திறக்காததற்கு முதலாளி மீதான பயம் மட்டும் காரணமல்ல. வீட்டில் தெரிந்தால் வேலை நிற்கும், ஊரில் தெரிந்தால் வரன் நிற்கும் என்ற பயமும் சேர்ந்திருக்கிறது. தவறு செய்தவன் தொடர்ந்து வேலைக்குப் போவான், தவறிழைக்கப்பட்டவள் வீட்டில் இருப்பாள். பதினெட்டு வயதைத் தாண்டிய ஒரு பெண் ஊழியரின் முறைப்பாட்டை அவளுடைய அனுமதியின்றி எவருக்கும், அவளுடைய சொந்தக் குடும்பத்துக்கும்கூட, சொல்லக்கூடாது. யாருக்குச் சொல்லலாம், எந்த இலக்கத்துக்கு அழைக்கலாம் என்பதை அவளிடமே கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். இரகசியம் பேணுவது என்றால் கோப்பைப் பூட்டி வைப்பதோடு முடியாது.

நான்கு சாட்சிகள் என்ற வாதம்

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நம் மத்தியில் ஒருவர் எழுந்து, "நான்கு சாட்சிகள் எங்கே?" என்று கேட்பார். இது ஆழமான குழப்பம். சூரா அந்நூரின் 4ஆம் வசனம் கற்புள்ள பெண்கள் மீது விபசாரப் பழி சுமத்துவோரைப் பற்றியது. பெண்ணின் மானத்தைக் காக்க வந்த சட்டம் அது. தன் மேலதிகாரி தன் தோளில் கைவைத்தார் என்று ஒரு பெண் முறையிடுவது விபசாரக் குற்றச்சாட்டு அல்ல. தனக்கு நேர்ந்த அநீதியை எடுத்துச் சொல்வது அது. பெண்ணைக் காக்க வந்த வசனத்தை அவள் வாயை அடைக்கும் பூட்டாக மாற்றுவது எந்த வகையில் நியாயம்? தீமையைப் பகிரங்கமாகப் பேசுவதை மார்க்கம் விரும்புவதில்லை என்பது உண்மை. ஆனால் சூரா அந்நிஸாவின் 148ஆம் வசனம் அநீதிக்குள்ளானவருக்கு அதிலிருந்து விலக்களிப்பதை நாம் ஏன் மறந்துபோகிறோம்?

மறுபக்கமும் உண்டு. பொய்யான முறைப்பாடு வரமுடியாதா? வரலாம். செய்தியை விசாரித்துத் தெளிவுபெறும்படி சூரா அல்ஹுஜ்ராத் நமக்குக் கட்டளையிடுகிறது. அதனால்தான் ஒழுங்கான விசாரணை முறை வேண்டும் என்கிறோம். முறையான விசாரணை இல்லாத இடத்தில் வதந்தி விசாரிக்கிறது, முகநூல் தீர்ப்பளிக்கிறது. குற்றம் செய்யாத ஆணுக்கும் அது ஆபத்தானது.

இதில் முதலாளிமார் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. கோபத்தில் ஒருவரை அன்றே வெளியே அனுப்பிவிட்டால், அவர் தொழில் நியாய சபைக்குப் போவார். பணிநீக்கம் நியாயமானது என்று நிரூபிக்கும் பாரம் அங்கே முதலாளியின் மீதுதான் இருக்கும். விளக்கம் கோரும் கடிதம் இல்லை, குற்றப்பத்திரம் இல்லை, பதிவு செய்யப்பட்ட சாட்சியம் இல்லை என்றால், உண்மையில் தொந்தரவு செய்தவர்கூட நட்டஈட்டோடு போகலாம். மறுபுறம், தொந்தரவு தாங்காமல் இராஜினாமாச் செய்த பெண்ணும், தான் விலகவில்லை, விலக நிர்ப்பந்திக்கப்பட்டேன் என்று அதே சபையில் வாதிடலாம். ஆகவே ஒழுங்கான விசாரணையும் ஒழுங்கான கோப்பும் இரு தரப்புக்கும், நிறுவனத்துக்கும் பாதுகாப்பு.

ஐந்து பேர் வேலை செய்யும் கடையில்?

"இதெல்லாம் பெரிய கம்பனிகளுக்கு. என் கடையில் ஏழு பேர்தானே?" என்று சிலர் கேட்கலாம். நம் சமூகத்தின் பெரும்பாலான முதலாளிமார் அப்படிப்பட்டவர்கள்தான். புடவைக் கடை, மருந்தகம், ஹோட்டல், அச்சகம் என்று நடத்துகிறார்கள். அங்கே மனித வளப் பிரிவு என்று எதுவும் கிடையாது. ஹாஜியார்தான் முதலாளி, அவரே மனித வள முகாமையாளர், அவரே நீதிபதி.

அங்கும் சில காரியங்களைச் செலவில்லாமல் செய்யலாம். எது தொந்தரவு, யாரிடம் சொல்லலாம் என்று தமிழிலும் சிங்களத்திலும் அரைப்பக்கம் எழுதி ஊழியர்கள் காணும் இடத்தில் ஒட்டலாம். கடைக்கு வெளியே உள்ள நம்பிக்கையான பெண் ஒருவரை, ஓர் ஆசிரியையையோ சட்டத்தரணியையோ, முறைப்பாட்டைக் கேட்பவராக நியமித்து அவருடைய இலக்கத்தைக் கொடுக்கலாம். களஞ்சிய அறையில், பொருத்தறையில், கணக்கு முடிக்கும் இரவு நேரத்தில் ஓர் ஆணும் பெண்ணும் தனித்திருக்காதபடி வேலை நேரத்தை ஒழுங்குபடுத்தலாம். தனித்திருத்தல் பற்றி ஜும்ஆவில் கேட்கும் உபதேசத்தைக் கடையின் வேலைப் பட்டியலில் நடைமுறைப்படுத்துவது அப்படியொன்றும் கடினமல்ல. பெண்களுக்கான தேசிய உதவி இலக்கமான 1938ஐயும், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996ஐயும் அதே தாளில் எழுதிவிடலாம்.

மத்ரஸாக்கள், பாலர் பாடசாலைகள், தனியார் கல்வி நிலையங்கள், ஸகாத் நிதியங்கள் ஆகியவையும் பணியிடங்களே. அங்கு வேலை செய்யும் ஆலிமாக்களும் ஆசிரியைகளும் தொழிலாளர்களே. "சமூகத்தின் மானம்" என்ற பெயரில் நிர்வாக சபை மூடிமறைக்கும் ஒவ்வொரு சம்பவமும், அதே ஆளை அடுத்த ஊரில் அடுத்த பிள்ளையின் முன் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஒருவரை இரகசியமாக விலக்கி, நற்சான்றிதழும் கொடுத்து அனுப்புவதை மானத்தைக் காப்பது என்று சொல்லமுடியாது. நமது தொல்லையை அயல் ஊருக்கு ஏற்றுமதி செய்கிறோம், அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் தீர்வாகப் பெண்களை வேலைக்கு எடுக்காமல் விடுவதையே சிலர் சொல்கிறார்கள். நானும் அன்று அந்தத் தேநீர் ஊற்றும் பெண்மணியின் ஆலோசனையை ஒரு கணம் யோசித்தேன். அவருடைய நோக்கம் நல்லதுதான். ஆனால் அப்படிச் செய்திருந்தால், அந்தப் பிரிவின் முகாமையாளர் தன் கதிரையிலேயே இருந்திருப்பார். வேலை தேடிவரும் பெண்கள் மட்டும் வாசலில் நின்றிருப்பார்கள். கணவனை இழந்தவர்களும், வாப்பா நோயில் படுத்த வீட்டின் மூத்த மகள்களும் ஆசைக்காக வேலைக்கு வருவதில்லை. விலைவாசி உயர்ந்த இந்தக் காலத்தில் ஒரு சம்பளத்தில் வீடு ஓடாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

அரசாங்கம் செய்யவேண்டியது தெளிவானது. 2019இல் சர்வதேச தொழில் அமைப்பு ஏற்றுக்கொண்டு 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்த 190ஆம் இலக்கச் சமவாயம், வேலை உலகில் வன்முறையையும் தொந்தரவையும் தடுக்கும் கடமையை அரசுகள் மீதும் முதலாளிமார் மீதும் வைக்கிறது. அதன் அளவுகோலுக்கு ஏற்ப, குழுவையும் காலக்கெடுவையும் பழிவாங்கலுக்கு எதிரான பாதுகாப்பையும் கட்டாயமாக்கும் தனிச்சட்டம் இலங்கைக்கு வேண்டும். 2024ஆம் ஆண்டின் பெண்கள் வலுவூட்டல் சட்டம் தேசிய பெண்கள் ஆணைக்குழுவுக்கு வழிவகுத்திருக்கிறது. அது தனியார் துறை வரை கை நீட்டவேண்டும். நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் சமூகப் பிரச்சினை என்று பேசும் பட்டியலில் இதையும் சேர்க்கட்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலை உண்டு. நீங்கள் ஒரு முதலாளியாகவோ, முகாமையாளராகவோ, ஏதாவது ஒரு நிர்வாக சபை உறுப்பினராகவோ இருந்தால், நாளை காலை அலுவலகம் போனதும் கடந்த மூன்று வருடங்களில் விலகிய பெண்களின் கடிதங்களை எடுத்துப் பிரிவு வாரியாக அடுக்கிப் பாருங்கள். ஒரே மேலதிகாரியின் கீழ் எத்தனை "குடும்பச் சூழ்நிலை" என்று எண்ணிப் பாருங்கள். பிறகு அவர்களில் ஒருவருக்கு, ஒரு பெண் உத்தியோகத்தரைக் கொண்டு, மரியாதையாகத் தொலைபேசி எடுத்து உண்மையான காரணத்தைக் கேளுங்கள்.

நான் அப்படிக் கேட்டபோது, மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு அந்தச் சகோதரி கேட்டார்: "அன்றைக்கே இதக் கேட்டிருக்கலாமே சேர்?"